காளையை எடுத்துவிட்டு 'டைட்டன்ஸ்' என்று மாற்றுகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் என்ன பேசுவது?

வேளச்சேரி_செட்டர் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கல்லூரிப் பெயரை வேண்டுமென்றே போடவில்லை. சென்னையில் காலேஜ் வாலிபால் பார்த்தவர்களுக்குக் காளை என்றாலே எது என்று தெரிந்துவிடும். தெரிந்தவர்களும் தயவுசெய்து பெயரைப் போடாமல் பேசுங்கள், இன்னும் முடிவாகாத விஷயம்.

நாங்கள் படித்தபோது அது கல்லூரி, இப்போது நிகர்நிலைப் பல்கலைக்கழகம். வாலிபால், கபடி, பேஸ்கட்பால் என்று எந்த அணி ஆடினாலும் அதற்குக் காளை என்றுதான் பெயர். ஜெர்சியின் முன்பக்கம் ஒரு காளைத் தலை இருக்கும், அதன் இடது கொம்பு மட்டும் குட்டையாக இருக்கும். ஏன் குட்டை என்று எனக்குத் தெரியாது, ஆனால் நான் ஆடிய நாலு வருஷமும் அப்படித்தான் இருந்தது, இப்போது ஆடுகிற பையன்கள் சட்டையிலும் அப்படியே இருக்கிறது.

போன வாரம் முன்னாள் மாணவர்கள் எல்லோருக்கும் ஒரு மெயில் வந்தது. வருகிற கல்வியாண்டிலிருந்து எல்லா அணிகளுக்கும் 'டைட்டன்ஸ்' என்று பெயராம். ஒரு விளம்பர நிறுவனத்தை வைத்து லோகோ வரைந்துவிட்டார்கள், இரும்புக் கவசம் போட்ட ஒரு ஆள், கறுப்பு வெள்ளி நிறம். வருகிற ஞாயிற்றுக்கிழமை கருத்துக் கேட்புக் கூட்டம். அதே மெயிலின் கடைசியில் புது ஜெர்சிக்கு நன்கொடை கேட்டு வங்கிக் கணக்கு எண்ணும் இருக்கிறது. லோகோவையும் முடித்து, பணமும் கேட்டுவிட்டு, அப்புறம் எதற்குக் கருத்து கேட்கிறார்கள் என்றுதான் எனக்குக் கோபம்.

அந்தப் பெயரையும் பாருங்கள். ஐபிஎல்லில் 2022 முதல் குஜராத் டைட்டன்ஸ் இருக்கிறது. கபடியில் 2014 முதல் தெலுகு டைட்டன்ஸ் இருக்கிறது. அமெரிக்காவில் டென்னசி டைட்டன்ஸ், தென்னாப்பிரிக்காவில் கிரிக்கெட் டைட்டன்ஸ். நாலு பேர் போட்டுக் கழற்றிய சட்டையை எங்கள் பையன்களுக்கு எதற்குப் போட வேண்டும்?

என் கேள்வி இரண்டுதான். பழைய மாணவர்களும் ரசிகர்களும் சேர்ந்து நின்று ஒரு அணியின் பெயரைக் காப்பாற்றிய கதை எங்காவது உண்டா? இரண்டாவது, இதை மனதில் வைத்துக்கொண்டே கேட்கிறேன், நாங்கள் எதிர்ப்பது நியாயமா, அல்லது எங்கள் பழக்கத்தை இப்போது ஆடுகிறவர்கள் மேல் திணிக்கிறோமா? அணியின் வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் மாணவர்களில் பாதிப் பேர் மாற்றம் வேண்டும் என்கிறார்கள்.

பெரம்பூர்_83:

தம்பி, அந்தக் கொம்பு ஏன் குட்டை என்று நான் சொல்கிறேன். நான் 1983-ல் வெளியே வந்தவன்.

எங்களுக்கு ஜெர்சி என்று ஒன்று கிடையாது. கை வைத்த வெள்ளை பனியன், முதுகில் துணி நம்பர் தைத்திருக்கும், அவ்வளவுதான். இரண்டாம் வருஷம் வெளியூர் டோர்னமென்ட் போகும்போது பிடி சார், எல்லா டீமும் வெள்ளை பனியனில் வருகிறார்கள், நம் பையன் யார் என்று எனக்கே தெரியவில்லை, ஏதாவது அடையாளம் போடுங்கடா என்றார். ஹாஸ்டல் மெஸ்ஸில் காய்கறி இறக்க தினமும் ஒரு மாட்டுவண்டி வரும், அந்தக் காளையைப் பார்த்து எங்கள் அறையில் இருந்தவன் வரைந்தான். ஸ்டென்சில் வெட்ட அட்டை சரிப்படவில்லை, பெயின்ட் பட்டால் ஊறிவிடும். மெஸ்ஸில் சமைத்தவர் தன் நெஞ்சு எக்ஸ்ரே ஃபிலிமைக் கொடுத்தார். அதில் பிளேடு வைத்து வெட்டினோம். இடது கொம்புக்கு வரும்போது ஃபிலிம் முடிந்துபோனது. அதனால் அந்தக் கொம்பைக் குட்டையாகவே வெட்டி முடித்தோம். நீல பெயின்டைப் பஞ்சில் தொட்டு ஒற்றி, மொட்டை மாடியில் 12 பனியனையும் காயப்போட்டோம்.

அப்போது சர்வீஸ் போடுகிற பக்கத்துக்குத்தான் பாயின்ட், 15 பாயின்டுக்கு ஒரு கேம், ஒரு கேமே முக்கால் மணி நேரம் இழுக்கும். ஆட்டம் முடியும்போது வியர்வையில் பெயின்ட் நெஞ்சில் ஒட்டியிருக்கும்.

அதற்கு அப்புறம் வந்தவர்கள் யாரும் அந்தக் கொம்பைச் சரி செய்யவில்லை என்பதை நீ சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். படித்ததிலிருந்து மனசு என்னமோ செய்கிறது. கூட்டத்துக்கு வருகிறேன்.

மிடில்பிளாக்கர்_மூணாம்வருஷம்:

அண்ணா, நான் இப்போது அணியில் இருக்கிறேன், மாற்றம் வேண்டும் என்று சொன்ன பாதிப் பேரில் நானும் ஒருவன். மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஆனால் எங்கள் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும்.

தென்மண்டலப் பல்கலைக்கழகப் போட்டிக்குப் போனால் டிராவிலும் ஸ்கோர் ஷீட்டிலும் பல்கலைக்கழகத்தின் பெயர்தான் இருக்கும். காளை என்றும் இருக்காது, டைட்டன்ஸ் என்றும் இருக்காது. அங்கே நம்மைக் காளை என்று கூப்பிட ஒரு ஆள் கிடையாது, ஏனென்றால் நம் ஆட்கள் யாரும் வருவதில்லை. கடைசி மூன்று வருஷத்தில் உங்கள் பேட்சில் எத்தனை பேர் ஒரு மேட்சாவது வந்து பார்த்தீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது, கோபத்தில் கேட்கவில்லை.

போன வருஷம் எங்களுக்கு ஒரே ஒரு செட் ஜெர்சி. லீக் ஆட்டம் சாயங்காலம் முடிகிறது, மறுநாள் காலை நாக்அவுட். ராத்திரி தங்கிய இடத்தில் பக்கெட்டில் துவைத்து, ஃபேனுக்குக் கீழே கொடி கட்டிக் காயப்போட்டு, காலையில் அக்குள் ஈரத்தோடு போட்டுக்கொண்டு இறங்கினோம். என் முதுகில் 8 பாதி உரிந்து 3 மாதிரி இருந்தது, ரெஃப்ரி கூப்பிட்டு உன் நம்பர் என்ன என்று கேட்டார். டைட்டன்ஸ் என்று வந்தால் இரண்டு செட் ஜெர்சி, ஷூ, நீ-பேட் எல்லாம் ஒரு ஸ்பான்சர் தருகிறார் என்று எங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் காளையைக் காப்பாற்றுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் அந்த இரண்டாவது செட்டை யார் தருவார்கள் என்பதையும் அதே கூட்டத்தில் சொல்லுங்கள்.

அடையாறு_அர்பானா:

நான் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், அர்பானா-ஷாம்பெயினில், மேற்படிப்பு படித்தேன். பெயர்ச் சண்டை என்றால் எப்படி இருக்கும் என்பதை அங்கேதான் பார்த்தேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

அங்கே 1926 முதல் 'சீஃப் இலைனிவெக்' என்று ஒரு சின்னம் இருந்தது. ஒரு மாணவர் அமெரிக்கப் பூர்வகுடித் தலைவர் மாதிரி இறகு வைத்த கிரீடமும் தோல் உடுப்பும் போட்டுக்கொண்டு ஆட்டத்தின் இடைவேளையில் மைதானத்தில் ஆடுவார். பூர்வகுடி மாணவர்களும் அவர்களோடு நின்றவர்களும் பல வருஷம் போராடினார்கள், எங்கள் சடங்கையும் உடையையும் வேடிக்கை ஆக்காதீர்கள் என்று. 2005-ல் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ, இப்படிப்பட்ட சின்னம் வைத்திருக்கும் பல்கலைக்கழகங்கள் சாம்பியன்ஷிப் ஆட்டங்களைத் தங்கள் ஊரில் நடத்த முடியாது என்று சொன்னது. 2007 பிப்ரவரியில் கடைசியாக அவர் ஆடினார். அணியின் பெயர் 'ஃபைட்டிங் இலைனை' மட்டும் நின்றது, சின்னம் போய்விட்டது.

நான் போனது அதற்குச் சில வருஷம் கழித்து. ஃபுட்பால் ஆட்ட இடைவேளையில் பாண்டு வாசிப்பார்கள், அந்தப் பழைய இசை முடிகிற இடத்தில் கூட்டத்தில் ஒரு பகுதி 'சீஃப்' என்று கத்தும். மைதானத்தின் நடுவில் யாரும் இல்லை, வெறும் புல்தான். என் பக்கத்து இருக்கையில் பழைய சின்னம் போட்ட சட்டையோடு ஒரு பெரியவர் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். அவர் மேல் எனக்கு இரக்கம் வந்தது. ஆனால் என் லேபில் கூட இருந்த பூர்வகுடிப் பெண் அந்த ஸ்டேடியத்துக்குள் ஒரு முறைகூட வந்ததில்லை. அதையும் நான் மறக்கவில்லை.

ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகம் 'செமினோல்ஸ்' என்ற பெயரை இன்றும் வைத்திருக்கிறது. காரணம், ஃபுளோரிடாவின் செமினோல் இனத்தவரே 2005-ல் எங்களுக்குச் சம்மதம் என்று சொன்னார்கள். நார்த் டகோட்டா பல்கலைக்கழகத்துக்கு 'ஃபைட்டிங் சூ' என்று பெயர், சூ என்பதும் ஒரு பூர்வகுடி இனம். அந்தப் பெயரை வைத்துக்கொள்ள மாநிலத்தில் சட்டமே போட்டார்கள், அப்புறம் 2012-ல் மாநிலம் முழுக்க வாக்கெடுப்பு நடந்து அந்தப் பெயர் போனது. மூன்று வருஷம் பட்டப்பெயரே இல்லாமல் ஆடினார்கள். 2015-ல் மாணவர்கள், பழைய மாணவர்கள், ஊழியர்கள், சீசன் டிக்கெட் வாங்குபவர்கள் எல்லோரும் ஓட்டுப் போட்டு 'ஃபைட்டிங் ஹாக்ஸ்' என்று வைத்தார்கள்.

செட்டர், உங்கள் இரண்டாவது கேள்விக்கு இதுதான் என் பதில். எங்களுக்குப் பழகிவிட்டது, எங்கள் நினைவெல்லாம் அதில் இருக்கிறது என்று மட்டும் கூட்டத்தில் பேசாதீர்கள். இல்லினாயில் சின்னத்தை விடாதவர்கள் சொன்னதும் சரியாக அதேதான். இந்தப் பெயரால் யாருக்காவது வலி இருக்கிறதா என்று முதலில் நீங்களே தேடிப் பாருங்கள். இருந்தால் அதைச் சரி செய்யுங்கள். இல்லை என்றால், யாருக்கும் வலி இல்லாத ஒரு பெயரை விற்பனைக்காக மட்டும் ஏன் தூக்குகிறீர்கள் என்று தைரியமாகக் கேட்கலாம்.

சால்ட்லேக்_டு_சூளைமேடு:

ஜெயித்த கதை கேட்டீர்களே. நான் கொல்கத்தாவில் 9 வருஷம் வேலை பார்த்தவன். மோகன் பாகான் அங்கே 1889-ல் தொடங்கிய கால்பந்து கிளப். 1911 ஜூலை 29 அன்று பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமென்ட் என்ற பிரிட்டிஷ் ராணுவ அணியை 2-1 என்று தோற்கடித்து ஐஎஃப்ஏ ஷீல்டு கோப்பை வாங்கிய அணி. 2020-ல் ஐஎஸ்எல் என்ற இந்தியக் கால்பந்து லீக்குக்குப் போகும்போது, அதில் ஏற்கெனவே ஆடிய இன்னொரு கொல்கத்தா அணியின் பெயரான 'ஏடிகே'யை முன்னால் ஒட்டவைத்து ஏடிகே மோகன் பாகான் ஆக்கினார்கள். பச்சையும் மெரூனும் கலந்த நிறத்தில் கை வைக்கவில்லை, பெயரில்தான் வைத்தார்கள். ரசிகர்கள் ஊர்வலம், பேனர் என்று மூன்று வருஷம் விடவில்லை. 2023 மார்ச்சில் கோப்பையை வென்ற இரவே ஏடிகே என்ற பெயரை எடுப்பதாக உரிமையாளர் அறிவித்தார்.

முழு வெற்றி இல்லை, இப்போது பின்னால் 'சூப்பர் ஜயன்ட்' இருக்கிறது. ஆனால் அவர்கள் ஒரு விஷயத்தில் உறுதியாக இருந்தார்கள், பணம் போடுகிறவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, பெயரைத் தொடாதீர்கள் என்றார்கள். உங்கள் கூட்டத்தில் ஸ்பான்சரையும் பெயரையும் தனித்தனியாகப் பிரித்துப் பேசுங்கள்.

லிபரோ_2010:

இவ்வளவு பேர் எழுதிவிட்டீர்கள், ஒருவர் கூடப் பெண்கள் அணியைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. வலி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள் என்று அடையாறு எழுதியதைப் படித்ததும்தான் லாக்இன் செய்தேன்.

நான் 2006-ல் சேர்ந்து 2010-ல் முடித்தேன், நாலு வருஷமும் லிபரோ, அதாவது பின்வரிசையில் பந்தைத் தடுத்து எடுக்க மட்டும் நிற்கிற ஆள். பையன்கள் சட்டையில் காளைத் தலைக்குக் கீழே ஆங்கிலத்தில் 'புல்ஸ்' என்று இருக்கும். எங்களுக்கு 'லேடி புல்ஸ்'. அந்த இரண்டு வார்த்தையைச் சேர்த்து ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், அதற்கு ஏதாவது அர்த்தம் இருக்கிறதா? எங்களைக் கேட்டுப் போட்டது இல்லை, பிரின்டிங் கடையில் யாரோ சொல்லிப் போட்டது. வேறு காலேஜ் பெண்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். லிபரோ வேறு நிறச் சட்டை போட வேண்டும் என்பது விதி, அந்த ஒரு சட்டைக்கு ரோஸ் நிறத்தைத் தேர்ந்தெடுத்ததும் எங்களைக் கேட்காமல்தான்.

மூன்றாம் வருஷம் ஒரு நாள் ராத்திரி ஹாஸ்டல் அறையில் ஆறு பேர் உட்கார்ந்து, சட்டை மேல் செய்தித்தாளை விரித்து, அயர்ன் பாக்ஸைச் சூடாக வைத்து எடுத்து, அந்த 'லேடி'யை மட்டும் நகத்தால் உரித்தோம். நாலு எழுத்தும் வந்துவிட்டது. பசை வரவில்லை. இரண்டு நாள் தரையில் விழுந்து புரண்டதும் அந்தப் பசையில் மண் ஒட்டி, உரித்த வார்த்தை கறுப்பாகத் திரும்ப வந்துவிட்டது. பிடி சார் பார்த்துத் திட்டினார், அப்புறம் அடுத்த வருஷம் ஆர்டர் கொடுக்கும்போது மறுபடியும் அதே 'லேடி'யோடுதான் வந்தது.

இத்தனைக்கும் எனக்குக் காளை மேல் கோபம் கிடையாது. எங்கள் காலேஜ் கிரவுண்டில் ஒரு செமிஃபைனல், எதிரணி அடித்த பந்து கோட்டுக்கு வெளியே போய்விட்டது என்று எல்லோரும் விட்டபோது நான் ஸ்கோர் மேஜை வரை ஓடிப் போய் ஒற்றைக் கையால் எடுத்துக் கொடுத்தேன். மெஸ் அண்ணா ஒருவர் கையில் கரண்டியோடு வந்து நின்றிருந்தார், அவர் "விடாதே காளை, விடாதே" என்று கத்தினார். அவர் 'லேடி' சேர்க்கவில்லை. அன்றைக்கு எனக்குக் கிடைத்த பெயர் அதுதான், இன்றும் அது என்னுடையதுதான்.

எல்லா ஊர்ப் பெண்களும் ஒரே மாதிரி நினைப்பார்கள் என்றும் நான் சொல்லவில்லை. டென்னசி பல்கலைக்கழகத்தில் பேஸ்கட்பால் தவிர மற்ற எல்லாப் பெண்கள் அணிகளுக்கும் 'லேடி வால்ஸ்' என்ற பெயரை 2015-ல் எடுத்துவிட்டார்கள். அங்கே ஆடிய பெண்களும் ரசிகர்களும் அது எங்கள் அடையாளம், எங்கள் கோப்பைகள் அந்தப் பெயரில்தான் இருக்கின்றன என்று விடாமல் கேட்டு 2017-ல் திரும்ப வாங்கினார்கள். அவர்கள் அந்த வார்த்தையைத் தாங்களே சுமந்து பெருமை ஆக்கினார்கள், எங்களுக்கு அது வெளியிலிருந்து ஒட்டியது. ஆடுகிறவர்களைக் கேட்காமல் வைத்தாலும் தப்பு, கேட்காமல் எடுத்தாலும் தப்பு.

அப்புறம், செட்டர், அந்த மெயிலோடு வந்த பிடிஎஃப்பின் கடைசிப் பக்கத்தைத் திறந்து பார்த்தீர்களா? பெண்கள் ஜெர்சியில் 'லேடி டைட்டன்ஸ்' என்று போட்டிருக்கிறார்கள்.

மிடில்பிளாக்கர்_மூணாம்வருஷம்:

அக்கா, அந்தக் கடைசிப் பக்கத்தை நாங்களும் பார்க்கவில்லை. இப்போது எடுத்துப் பார்த்துவிட்டேன். எங்கள் பெண்கள் அணி கேப்டனிடம் காட்டினேன், அவளை யாரும் எதுவும் கேட்கவில்லையாம். ஸ்பான்சர் விஷயம் சொன்ன கூட்டத்துக்கும் பையன்களை மட்டும்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அவளும் வருகிறாள்.

பெரியமேடு_ஜெர்சி:

நான் நேரு ஸ்டேடியம் பக்கம் ஜெர்சி அடித்துக் கொடுக்கிறவன், அந்தக் கல்லூரியோடு எனக்குச் சம்பந்தம் இல்லை. இரண்டாவது செட் என்பது இவ்வளவு பெரிய பிரச்சினை ஆக வேண்டிய விஷயமே இல்லை. சப்ளிமேஷன் போட்டால் படமும் நம்பரும் துணியிலேயே சாயமாக இறங்கிவிடும், அந்தத் தம்பி சொன்ன மாதிரி உரியாது. துணி திருப்பூரிலிருந்து வருகிறது, டிசைன் கொடுத்தால் ஒரு வாரம் பத்து நாளில் முடியும். ஆண்கள் பெண்கள் இரண்டு அணிக்கும் லிபரோ சட்டையோடு சேர்த்து இரண்டு செட் என்றாலும் பழைய மாணவர்கள் ஐம்பது பேர் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் போட்டால் மிச்சமே இருக்கும்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். காளை வேண்டும் என்றால் வாட்ஸ்அப்பில் வந்த மங்கலான படத்தை அனுப்பாதீர்கள், பெரிதாக்கினால் கொம்பு கட்டம் கட்டமாக வரும். ஒரிஜினல் வரைபடம் இருந்தால் அதை ஸ்கேன் செய்து கொடுங்கள். இல்லாவிட்டால் எங்கள் பையன் கம்ப்யூட்டரில் திரும்ப வரைவான், அவனுக்கு நீங்கள் சொல்லவில்லை என்றால் இரண்டு கொம்பையும் ஒரே அளவில் போட்டுவிடுவான்.

வேளச்சேரி_செட்டர்:

எல்லோருக்கும் நன்றி. லிபரோ, நான் அந்த பிடிஎஃப்பின் முதல் பக்கத்தைப் பார்த்த கோபத்தில் மூடிவிட்டேன். நான் படித்த வருஷங்களில் பெண்கள் அணியும் அதே கோர்ட்டில் எங்களுக்கு அப்புறம் பிராக்டீஸ் செய்தது, அவர்கள் சட்டையில் என்ன எழுதியிருந்தது என்று எனக்கு ஞாபகமே இல்லை. அது என் தப்பு.

கூட்டத்தில் முதலில் பெண்கள் அணி கேப்டன் பேசட்டும், அதற்கு அப்புறம்தான் நாங்கள். காளை இருக்கட்டும் என்று கேட்கப் போகிறோம், 'லேடி' எந்தப் பெயரோடும் வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் அதையும் சேர்த்தே கேட்போம். ஸ்பான்சர் வருவதை எதிர்க்க மாட்டோம், கைப்பகுதியில் அவர் பெயரைப் போட்டுக்கொள்ளட்டும். இரண்டாவது செட்டுக்கு என் பேட்சில் நேற்று ராத்திரி 19 பேர் பணம் தருவதாகச் சொல்லிவிட்டார்கள், அது டைட்டன்ஸ் வந்தாலும் வராவிட்டாலும் பையன்களுக்கும் பெண்களுக்கும் போய்ச் சேரும். மிடில்பிளாக்கர், அடுத்த தென்மண்டலப் போட்டி எந்த ஊர் என்று தெரிந்ததும் சொல், டிக்கெட் போடுகிறேன்.

பெரம்பூர் சார், அந்த ஸ்டென்சில் யாரிடம் போனது என்று ஏதாவது ஞாபகம் இருக்கிறதா?

பெரம்பூர்_83:

வெட்டினவன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது, தம்பி. நேற்று வில்லிவாக்கத்தில் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி பரணில் இருந்து ஒரு டிரங்க் பெட்டியை இறக்கிக் கொடுத்தார். சர்டிபிகேட்டுகளுக்கு அடியில் செய்தித்தாள் சுற்றி வைத்திருந்தான். ஓரமெல்லாம் நீல பெயின்ட் காய்ந்து கெட்டியாக இருக்கிறது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், காளைத் தலையின் இரண்டு பக்கமும் அந்தச் சமையல்காரருடைய விலா எலும்பு இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

பெரியமேட்டுக்காரர் சனிக்கிழமை கடை திறந்திருந்தால் சொல்லட்டும். கையில் கொண்டுவந்து ஸ்கேன் செய்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அப்படியே கூட்டத்துக்கு எடுத்து வருகிறேன்.